எட்டாத இடத்தில் இருக்கும் லோராவான் சென்சாருக்குத் தொலைவிலிருந்து கட்டளை அனுப்பியபோது

ஆழமான நீர்த்தொட்டி ஒன்றின் மூடிக்கு உட்புறம் மீயொலி மட்டமானி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அது நீர்ப்பரப்புக்கும் தனக்கும் உள்ள இடைவெளியை அளந்து, லோராவான் என்ற, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு செல்லும் ரேடியோ முறை வழியாக, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கேட்வேக்கு (ரேடியோ செய்திகளை இணையத்துக்குக் கடத்தும் நிலையம்) அனுப்புகிறது. பேட்டரியில் இயங்கும் அந்தக் கருவியின் உறை நீர் புகாதபடி அடைக்கப்பட்டிருப்பதால், அதைக் கழற்றி, கேபிள் செருகி, அமைப்புகளை மாற்றி மீண்டும் மூடுவது ஒவ்வொரு முறையும் அடைப்பின் உறுதியைக் குறைக்கும் வேலை. ஆகவே, தேவையான மாற்றங்கள் அனைத்தையும், நெட்வொர்க்கிலிருந்து கருவிக்குப் போகும் டவுன்லிங்க் கட்டளைகளாலேயே செய்து முடிப்பது என்று முடிவு செய்தேன்.

மாற்ற வேண்டியவை மூன்று. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும் கருவியை முப்பது நிமிடத்துக்கு மாற்ற வேண்டும். நீர்மட்டம் மெதுவாக மாறும் தொட்டிக்கு நாளொன்றுக்கு 144 செய்திகள் தேவையில்லை, 48 போதும். அவ்வப்போது அளவு சுழியாக வந்துகொண்டிருந்ததால், அளவீட்டுக்கு முன் மீயொலி முனைக்கு மின்சாரம் கொடுக்கும் நேரத்தை நீட்ட வேண்டும். நீர் குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்கினால், முப்பது நிமிடம் காத்திராமல் உடனே செய்தி வரவேண்டும்.

இந்த வேலையில் இறங்குபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, பேட்டரியில் இயங்கும் லோராவான் கருவி எப்போது காது கொடுக்கும் என்பதை. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் ஏ வகுப்பைச் சேர்ந்தவை. கருவி தானாக ஒரு செய்தியை அனுப்பி முடித்ததும், இயல்பான அமைப்பில் சரியாக ஒரு வினாடி கழித்து ஆர்எக்ஸ்1 என்ற கேட்கும் சாளரத்தையும், இரண்டு வினாடி கழித்து ஆர்எக்ஸ்2 என்ற இன்னொரு சாளரத்தையும் மிகச் சிறிது நேரம் திறக்கிறது. அவற்றில் எதுவும் கேட்கவில்லை என்றால் ரேடியோவை அணைத்துவிட்டு, அடுத்த செய்தியை அனுப்பும் வரை உறங்குகிறது. நாம் திரையில் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தும்போது கட்டளை கருவிக்குச் செல்வதில்லை. கேட்வேக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் நிர்வகிக்கும் நெட்வொர்க் சர்வரின் வரிசையில் போய் நிற்கிறது. கருவி அடுத்த முறை வாய் திறக்கும்போதுதான் அதற்குப் பதிலாக அந்தக் கட்டளை புறப்படும். எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும் சி வகுப்புக் கருவிகளும் உண்டு என்றாலும், ரேடியோவை ஏற்பு நிலையிலேயே வைத்திருக்க, சிப்பைப் பொறுத்து சுமார் 5 முதல் 12 மில்லிஆம்பியர் வரை தொடர்ந்து செலவாகும். 10 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட, 8500 மில்லிஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் பேட்டரி 35 நாட்களில் தீர்ந்துவிடும். பல ஆண்டுகள் தொடாமல் விட வேண்டிய கருவிக்கு ஏ வகுப்பைத் தவிர வேறு வழியில்லை.

கட்டளை என்பது இங்கே சொற்கள் அல்ல, பைட்டுகள். நான் பயன்படுத்திய கருவியில் அனுப்பும் இடைவெளியை மாற்ற, முதலில் 01 என்ற கட்டளைக் குறியும், அதைத் தொடர்ந்து வினாடிக் கணக்கு மூன்று பைட்டுகளிலும் வரவேண்டும். 600 வினாடி ஹெக்ஸில் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில்) 02 58 ஆகும். எனவே முழுக் கட்டளை 01 00 02 58. டிராகினோ கருவிகளும் இதே வடிவத்தைத்தான் பின்பற்றுகின்றன. பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும். மைல்சைட் கருவிகளிலோ இடைவெளி இரண்டு பைட்டுகளில், சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வருமாறு எழுதப்படுகிறது. ஒரு தயாரிப்பாளரின் பழக்கத்தை இன்னொருவரின் கருவிக்குக் கொண்டுசெல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 00 02 58 என்று இருக்க வேண்டிய மூன்று பைட்டுகளைத் தலைகீழாக 58 02 00 என்று அனுப்பினால், கருவி அதை 57,67,680 வினாடி என்று படிக்கும். அது 66 நாட்களுக்கும் மேல். கருவி அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், தவற்றைத் திருத்தும் கட்டளையும் அந்த 66 நாட்கள் முடிந்து கருவி வாய் திறக்கும் வரை வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். ஹெக்ஸுக்கு மாற்ற மறந்து 600 வினாடியை 06 00 என்று எழுதினால் கிடைப்பது 1536 வினாடி. இது பேரிழப்பு அல்ல என்றாலும், கருவி ஏதோ தாறுமாறாக அனுப்புகிறது என்ற எண்ணத்தை உண்டாக்கி நம்மை வேறு திசையில் தேடவைக்கும்.

இன்னொரு கண்ணி, கட்டளையை எழுதும் பெட்டியிலேயே இருக்கிறது. சில சர்வர்களின் திரையில் ஹெக்ஸ், பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாகக் குறிக்கும் இன்னொரு முறை) என இரண்டு வடிவங்களிலும் கட்டளையை எழுத முடியும். பேஸ்64 என்று தேர்ந்தெடுக்கப்பட்ட பெட்டியில் 01000258 என்று எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஏனெனில் அந்த எட்டு எழுத்துகளும் பேஸ்64 முறையிலும் செல்லுபடியாகும் ஒரு சரமே. ஆனால் அது நான்கு பைட்டுகளாக இல்லாமல் ஆறு பைட்டுகளாக விரியும். முதல் பைட்டின் மதிப்பு 1 ஆக இருப்பதற்குப் பதில் 211 ஆகிவிடும். கருவிக்கு அப்படி ஒரு கட்டளை தெரியாது என்றால் பேசாமல் விட்டுவிடும். தெரியும் என்றால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வரிசையில் சேர்த்த பிறகு, சர்வர் அதை எத்தனை பைட்டுகளாகப் பதிவு செய்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன்.

எடுத்த எடுப்பில் இடைவெளியை மாற்றும் கட்டளையை அனுப்பவில்லை. டவுன்லிங்க் பாதை உண்மையில் திறந்திருக்கிறதா என்பதை எதையும் மாற்றாத ஒரு கேள்வியால் சோதிப்பதே சரி. லோராவான் விதிமுறையிலேயே அதற்கு வசதி இருக்கிறது. கருவியின் நிலையைக் கேட்கும் ஒரு மேக் கட்டளையை, அதாவது ரேடியோ இணைப்பை நிர்வகிக்கும் கட்டளையை, நெட்வொர்க் சர்வர் அனுப்பலாம். அதற்குக் கருவி இரண்டு எண்களைப் பதிலாகத் தரும். ஒன்று பேட்டரி நிலை: 1 முதல் 254 வரை அளவு, 0 என்றால் வெளி மின்சாரம், 255 என்றால் அளக்க இயலவில்லை. மற்றொன்று, கருவிக்குக் கடைசியாக வந்து சேர்ந்த டவுன்லிங்க் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதை டெசிபெலில் சொல்லும் எண். நம்மிடமிருந்து கருவிக்குப் போகும் திசையின் நலத்தை, கருவியின் இடத்திலிருந்தே அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

கேட்டேன், பதில் வரவில்லை. கருவியிலிருந்து வரும் அப்லிங்க் செய்திகள் ஒன்றுகூடத் தவறாமல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தன. சர்வரின் பதிவில் ஒவ்வொரு முறையும் டவுன்லிங்க் புறப்பட்டதாகவே இருந்தது. கருவி தொடக்கத்தில் நெட்வொர்க்கில் சேர்ந்தபோது சேர்ப்புக் கட்டளைக்கான பதிலைச் சரியாகப் பெற்றிருக்கிறது. அதுவும் ஒரு டவுன்லிங்க் தானே! பெறும் திறன் இல்லாத கருவி சேர்ந்திருக்கவே முடியாது. அப்படியானால் சேர்ப்புப் பதில் போய்ச் சேர்ந்தது ஏன், மற்றவை போய்ச் சேராதது ஏன்?

விடை கேட்வேயின் பதிவேட்டில் இருந்தது. சர்வர் அனுப்பிய ஒவ்வொரு டவுன்லிங்க்குக்கும் கேட்வே ‘டூ லேட்’ என்று மறுப்புத் தெரிவித்திருந்தது. அதாவது, கட்டளை கேட்வேக்கு வந்து சேர்வதற்குள் கருவியின் சாளரம் திறக்கும் நேரம் கடந்துவிட்டது. கேட்வே மொபைல் இணைப்பு வழியாக சர்வருடன் பேசுகிறது. செய்தி கேட்வேயிலிருந்து சர்வருக்குப் போக வேண்டும். வேறு கேட்வேக்களும் அதே செய்தியைக் கேட்டிருக்கலாம் என்பதால் பிரதிகளுக்காக சர்வர் சற்றுக் காத்திருக்கும், சிர்ப்ஸ்டாக் என்ற சர்வர் மென்பொருளில் இந்தக் காத்திருப்பு இயல்பாக 200 மில்லிவினாடி. பிறகு பதிலைத் தயாரித்து, அதே மெதுவான இணைப்பு வழியாகக் கேட்வேக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இவை அனைத்தும் ஒரு வினாடிக்குள் முடிய வேண்டும். இணைப்பு நெரிசலாக இருந்தால் முடியாது. சேர்ப்புப் பதிலுக்கு மட்டும் விதிமுறை 5 வினாடி, 6 வினாடி எனத் தாராளமான சாளரங்களைத் தருகிறது. அதனால்தான் சேர்க்கை வெற்றியடைந்தது, கட்டளைகள் தோற்றன. கருவியின் மீதோ ஆண்டெனாவின் மீதோ சந்தேகப்பட்டு மூடியைத் திறந்திருந்தால் எதுவும் கிடைத்திருக்காது. அப்லிங்க் வருகிறது, சேர்க்கை நடக்கிறது, டவுன்லிங்க் மட்டும் சேரவில்லை என்ற மூன்று அறிகுறிகளும் ஒன்றாகத் தென்பட்டால், முதலில் கேட்வேக்கும் சர்வருக்கும் இடையிலான தாமதத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தீர்வு, ஆர்எக்ஸ்1 தாமதத்தை ஒரு வினாடியிலிருந்து ஐந்து வினாடியாக மாற்றுவது. தி திங்ஸ் நெட்வொர்க் போன்ற பொது நெட்வொர்க்குகள் தொடக்கத்திலேயே ஐந்து வினாடி வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். சர்வரில் மட்டும் மாற்றினால் போதாது. கருவியும் அதே தாமதத்தை அறிந்திருக்க வேண்டும். கருவி புதிதாகச் சேரும்போது சேர்ப்புப் பதிலுக்குள்ளேயே இந்த எண் போய்விடும். ஆனால் ஏற்கெனவே சேர்ந்து எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் கருவியை மீண்டும் சேரவைக்க வேண்டுமென்றால் அதை மறுதொடக்கம் செய்ய வேண்டும், அதற்குக் கட்டளை போக வேண்டும், கட்டளைதான் போகவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது ஆர்எக்ஸ்2 சாளரம். அது இரண்டாவது வினாடியில் திறப்பதால், சர்வருக்குக் கூடுதலாக ஒரு முழு வினாடி கிடைக்கிறது. ஆர்எக்ஸ்1 சாளரம் அப்லிங்க் வந்த அலைவரிசையையே சார்ந்திருக்க, ஆர்எக்ஸ்2 ஒரே நிலையான அலைவரிசையிலும் வேகத்திலும் இருக்கும். ஐரோப்பிய 868 திட்டத்தில் அது 869.525 மெகாஹெர்ட்ஸ், இந்திய 865 திட்டத்தில் 866.55 மெகாஹெர்ட்ஸ். டவுன்லிங்க்குகளை ஆர்எக்ஸ்2 வழியாக மட்டுமே அனுப்புமாறு சர்வரை அமைத்தேன். ஆர்எக்ஸ்1 தாமதம் ஐந்து வினாடி என்று நெட்வொர்க் அமைப்பில் எழுதியதும், கருவியிடம் அதைத் தெரிவிக்கும் மேக் கட்டளையை சர்வர் தானாகவே ஒவ்வொரு அப்லிங்க்குக்குப் பின்னும் அனுப்ப முயன்றது. நெரிசல் மிகுந்த நேரங்களில் அவையும் தாமதமாகவே வந்து மறுக்கப்பட்டன. இணைப்பு ஓய்வாக இருந்த ஒரு நேரத்தில் ஒன்று உள்ளே நுழைந்தது. அடுத்த அப்லிங்க்கில் கருவியின் ஒப்புதல் வந்தது. இந்த ஒப்புதலை, தனக்கு ஒரு டவுன்லிங்க் வந்து சேரும் வரை கருவி ஒவ்வொரு செய்தியோடும் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது. தாமதத்தைப் பற்றி இரு தரப்பும் வெவ்வேறு எண்களை நம்பிக்கொண்டிருந்தால் தொடர்பே அறுந்துவிடும் என்பதால் செய்யப்பட்ட நுட்பமான ஏற்பாடு இது. அதன்பின் ‘டூ லேட்’ என்ற மறுப்பு பதிவேட்டில் தோன்றவில்லை. முன்பு கேட்டிருந்த நிலைக் கேள்விக்கும் பதில் வந்தது.

பாதை சரியானதும் கட்டளைகளின் ஒழுங்கைப் பற்றி யோசித்தேன். பொதுவாக ஒரு அப்லிங்க்குக்கு ஒரு டவுன்லிங்க்தான் போகும். வரிசையில் இன்னும் இருக்கிறது என்று சர்வர் ஒரு பிட் மூலம் சொன்னாலும், அதைக் கண்டு உடனே மறு செய்தி அனுப்பும் பழக்கம் எல்லாக் கருவிகளுக்கும் இல்லை. பத்து நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக அனுப்பி, ஒவ்வொன்றின் விளைவையும் பார்ப்பதற்குப் பொழுது போய்விடும். ஆகவே முதலில் இடைவெளியை இரண்டு நிமிடமாகக் குறைத்தேன்: 01 00 00 78. பிறகு மற்ற அமைப்புகள். இடைவெளியை நீட்டும் கட்டளை எப்போதும் கடைசி. இடைவெளியை முதலில் நீட்டிவிட்டால், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு திருத்தமும் அந்த நீண்ட இடைவெளிக்கு அடிமையாகிவிடும்.

கட்டளை அனுப்பும்போது, செய்தி எதற்கானது என்று குறிக்கும் எஃப்போர்ட் எண்ணையும் கையேட்டில் பார்த்து எழுத வேண்டும். பயன்பாட்டுச் செய்திகளுக்கு 1 முதல் 223 வரை உள்ள எண்கள் உரியவை. 0 மேக் கட்டளைகளுக்கானது. சில கருவிகள் எந்த எண்ணில் வந்தாலும் ஏற்கும், சில ஒரே எண்ணை மட்டும் ஏற்கும். மைல்சைட் கருவிகளில் அது வழக்கமாக 85. தவறான எண்ணில் வந்த கட்டளையைக் கருவியின் ரேடியோ பெற்றுக்கொள்ளும், உள்ளிருக்கும் நிரல் பொருட்படுத்தாமல் விட்டுவிடும்.

இதனால்தான் ‘உறுதி செய்யப்பட்ட டவுன்லிங்க்’ என்ற வசதியின் மீது நான் அதிக நம்பிக்கை வைப்பதில்லை. அந்த வசதியில் கருவி தன் அடுத்த செய்தியில் ஒப்புதல் பிட் ஒன்றைச் சேர்த்து அனுப்பும். அந்த ஒப்புதலின் பொருள், பைட்டுகள் பழுதில்லாமல் ரேடியோவுக்கு வந்து சேர்ந்தன என்பது மட்டுமே. கருவி அவற்றைப் புரிந்துகொண்டதா, நிறைவேற்றியதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஒப்புதல் வராவிட்டால் சர்வர் அதே கட்டளையை மீண்டும் அனுப்பக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்; கேட்வே ஒலிபரப்பும் நேரத்தில் அதனால் பொதுவாக வேறு எந்தக் கருவியின் செய்தியையும் கேட்க முடியாது. என் வழக்கம் இதுதான்: உறுதி கேட்காமல் அனுப்புவேன், கருவியின் நடத்தை மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். இடைவெளிக் கட்டளைக்குச் சோதனை எளிது. அடுத்தடுத்த இரண்டு அப்லிங்க்குகளின் நேர வித்தியாசம் 120 வினாடிக்கு அருகில் வந்தால் கட்டளை நிறைவேறியது. ஒரே ஒரு இடைவெளியைக் கொண்டு முடிவு செய்யாமல், ஒவ்வொரு செய்திக்கும் ஒன்று கூடும் சட்டக எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு செய்தி தொலைந்திருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும், ஆனால் சட்டக எண் ஒன்றைத் தாண்டியிருப்பதால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது மின்சாரம் கொடுக்கும் நேரம். கருவியின் மூளை உறக்கத்திலிருந்து விழித்ததும், மீயொலி முனைக்கு மின்சாரத்தைத் திறந்து, குறிப்பிட்ட மில்லிவினாடிகள் காத்திருந்து, பிறகு அளவைப் படிக்கிறது. முனை தன் வேலையைத் தொடங்கி முதல் எதிரொலியைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் படித்தால் கிடைப்பது சுழி. தொட்டிக்குள் குளிர்ந்திருக்கும் நேரங்களில் சுழிகள் அதிகமாக இருந்ததைப் பழைய தரவில் கண்டேன். பேட்டரியின் மின்னழுத்தம் குளிரில், சுமை ஏறிய கணத்தில் சற்றுத் தாழ்ந்து, முனை நிலைபெற அதிக நேரம் எடுத்துக்கொள்வதே இதற்குக் காரணமாக இருக்கும் என்று எண்ணினேன். காத்திருப்பை 800 மில்லிவினாடியாக, அதாவது ஹெக்ஸில் 03 20 ஆக மாற்றினேன். இரண்டு நிமிட இடைவெளி இங்கேதான் பெரிதும் கைகொடுத்தது. ஓர் இரவு முழுவதும் அப்படியே ஓடவிட்டதில் குளிர்ந்த நேரத்து அளவுகளும் ஏராளமாகக் கிடைத்தன. சுழி ஒன்றும் இல்லை. தேவைக்கு மேல் இந்த நேரத்தை நீட்டுவது வீண். ஒவ்வோர் அளவீட்டிலும் அந்தக் கூடுதல் மில்லிவினாடிகளுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்துதான் போகிறது.

எச்சரிக்கை மட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீர்ப்பரப்பு சலனமில்லாமல் இருப்பதில்லை. வரம்பு மட்டத்தை ஒட்டி நீர் அசையும்போது, கருவி வரம்பைத் தாண்டியதாகவும் திரும்பியதாகவும் மாறி மாறிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கை எழும் மட்டத்துக்கும் நீங்கும் மட்டத்துக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அமைத்தால் அந்தத் தொல்லை இல்லை. கருவியில் அந்த வசதி இல்லாவிட்டால், இரண்டு எச்சரிக்கைகளுக்கு இடையிலான குறைந்தபட்ச நேரத்தையாவது அமைக்க வேண்டும்.

இவை முடிவதற்குள் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கருவி தொடக்கத்திலிருந்தே எஸ்எஃப் 12 என்ற மிக மெதுவான பரவல் காரணியில் (ரேடியோ செய்தியின் வேகத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு இது; எண் கூடக் கூட வேகம் குறையும்) அனுப்பிக்கொண்டிருந்தது. சூழலுக்கேற்ப வேகத்தைச் சரிசெய்யும் ஏடிஆர் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வேகத்தை மாற்றச் சொல்லும் கட்டளையும் டவுன்லிங்க் வழியாகத்தானே போக வேண்டும்! பாதை திறந்ததும் சர்வர் கருவியை எஸ்எஃப் 7 வரை படிப்படியாக இறக்கியது. 12 பைட் கொண்ட ஒரு செய்தி, 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் எஸ்எஃப் 12-இல் சுமார் 1.48 வினாடி காற்றில் இருக்கும். எஸ்எஃப் 7-இல் அதே செய்திக்குச் சுமார் 62 மில்லிவினாடி போதும். ஏறத்தாழ இருபத்து நான்கு மடங்கு வேறுபாடு. இடைவெளியை மூன்று மடங்கு நீட்டுவதால் கிடைக்கும் மிச்சத்தைவிட இது பெரிது என்பதால், பேட்டரி ஆயுளைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இடைவெளியைத் தொடுவதற்கு முன் பரவல் காரணியைப் பார்ப்பது நல்லது. சரியான இடத்தில் அசையாமல் இருக்கும் கருவி நீண்ட காலம் எஸ்எஃப் 12-இலேயே நின்றுவிட்டால், டவுன்லிங்க் சேரவில்லை என்பதற்கு அதுவே ஓர் அறிகுறியாகவும் இருக்கலாம்.

கடைசியாக 1800 வினாடிக்கான 01 00 07 08 கட்டளையை வரிசையில் சேர்த்தேன். சேர்ப்பதற்கு முன் வரிசையில் பழைய கட்டளை எதுவும் மிச்சமில்லை என்று பார்த்து, நான்கு பைட்டுகளாகப் பதிவாகியிருப்பதையும் சரிபார்த்துவிட்டு, அடுத்த அப்லிங்க்குக்காகக் காத்திருந்தேன். அது வந்ததும் கட்டளை புறப்பட்டது. அதற்கடுத்த செய்தி அரை மணி கழித்து, சட்டக எண் ஒன்று கூடி வந்தது. மறுதொடக்கத்துக்குப் பின்னும் இந்த அமைப்புகள் நிலைத்திருக்கின்றனவா என்பதை உறுதிசெய்ய மறுதொடக்கக் கட்டளையையும் ஒரு முறை அனுப்பினேன். கருவி மீண்டும் நெட்வொர்க்கில் சேர்ந்து, ஐந்து வினாடித் தாமதத்தை இம்முறை சேர்ப்புப் பதிலிலிருந்தே பெற்றுக்கொண்டு, அரை மணி இடைவெளியிலேயே தொடர்ந்தது. அனுப்பிய பைட்டுகள், எஃப்போர்ட், அனுப்பிய நேரம், அந்த நேரத்துச் சட்டக எண், கவனித்த விளைவு ஆகியவற்றைக் கருவியின் அடையாள எண்ணோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து இந்தக் கருவியைக் கவனிக்கப் போகிறவருக்கு அமைப்புகளைத் திரும்ப வாசிக்கும் கட்டளை எது என்பதும் அதே தாளில் இருக்கிறது.